காசநோய்க் கிருமிக்கும் குலம் கோத்திரம் உண்டா? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சளிக் குப்பிகளோடு காலம் தள்ளியவள் நான். இப்போது ஓய்வு. சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும், அழைத்துப் போக வந்த தாய்மாரும் ஆயாக்களும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் டிபியில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசை ஒன்றும் கிடையாது.

"கிருமி எல்லாம் ஒன்றுதானே ஆன்ட்டி? அதில் என்ன வம்சாவளி?"

நம் குடும்பப் பெயர்களை வைத்தே சொல்லிவிடலாம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியது. அதிலிருந்து 1911 வரை 1 லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். குமாஸ்தா தன் காதில் விழுந்ததைப் பதிவேட்டில் எழுதினார். முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார் என்பார்கள். அந்தப் பிழை அவரோடு போகவில்லை. மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று இன்றுவரை வருகிறது. லண்டனிலோ சிட்னியிலோ ஒரு மூட்லியைப் பார்த்தால், இவர் பூட்டன் நம் கரையில் இறங்கியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கிருமியும் தன்னைப் பிரதி எடுக்கும்போது குமாஸ்தா வேலைதான் பார்க்கிறது. காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் பிழை விழுகிறது. விழுந்த பிழை அதன் சந்ததி முழுக்கத் தொடரும். மற்ற பல கிருமிகள் ஒன்றுக்கொன்று மரபணுவைக் கைமாற்றிக்கொள்ளும். இதற்கு அந்தப் பழக்கம் இல்லை. கலப்பே இல்லாமல் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போகிற சொத்து. அதனால் பிழைகளை வரிசைப்படுத்தினாலே வம்சக்கொடி வரைந்துவிடலாம். ஒரே பழைய பிழையைச் சுமக்கும் கூட்டத்தைத்தான் ஒரு வம்சாவளி என்கிறோம்.

கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது. முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து அவித்துக் குப்பியில் சாய்வாக உறையவைத்த ஊடகத்தில் கிருமியை வளர்ப்போம். மூன்று வாரம், சிலசமயம் ஆறு வாரம் கழித்து, காய்ந்துபோன ரவை உப்புமாத் துணுக்குகள் மாதிரி வெளிறிய மஞ்சளில் முளைத்திருக்கும். கம்பி வளையத்தால் கிண்டினால் லேசில் உடையாது. எந்த வம்சாவளியானாலும் அதே உப்புமாதான்.

"மொத்தம் எத்தனை?"

ஒன்று முதல் நான்கு வரை உலகம் முழுக்கப் பரவியவை. முதலாவது இந்தியப் பெருங்கடலைச் சுற்றி: தென்னிந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, மடகாஸ்கர், அப்புறம் அந்தப் பக்கம் பிலிப்பைன்ஸ். இரண்டாவது கிழக்கு ஆசியா; 'பெய்ஜிங்' குடும்பம் என்று பேர் வாங்கியது இதுதான். மூன்றாவது வட இந்தியா, பாகிஸ்தான், கிழக்கு ஆப்பிரிக்கா. நான்காவது ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி. ஐந்தும் ஆறும் மேற்கு ஆப்பிரிக்காவைத் தாண்டி அதிகம் போகவில்லை. ஏழாவது எத்தியோப்பியாவில். எட்டாவதை 2020இல்தான் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் எடுத்த மாதிரிகளிலிருந்து அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகும் ஒன்பது, பத்து என்று எண்ணிக்கை ஏறியிருக்கிறது. எல்லாப் பழைய கிளைகளும் ஆப்பிரிக்காவில்தான் அகப்படுகின்றன; கிருமியின் பூர்வீகமே இந்தக் கண்டம்தான் என்று பலர் கருதுவது அதனால்தான்.

"அப்படியானால் நம்மவர்கள் தமிழ்நாட்டிலிருந்து முதலாவதைத்தான் கொண்டுவந்தார்களா? இப்போதும் நமக்கு வருவது அதுதானா?"

இது ரொம்பப் பேருக்கு இருக்கும் சந்தேகம். பதில், இல்லை. முதலாவதும் மூன்றாவதும் தெற்காசியாவிலிருந்து கடல்வழியே கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதற்கு மரபணுச் சான்று உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்காவில் இன்று மேலோங்கி நிற்பவை நான்காவதும் இரண்டாவதும்தான். டர்பனில் உங்களுக்கு டிபி வந்தால், பெரும்பாலும் டர்பன் காற்றில் இருப்பதுதான் வந்திருக்கும். கிருமி கோத்திரம் கேட்டு நுழைவதில்லை. டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்ந்து இருமியவரிடமிருந்து நுழைகிறது. ஜூலை மாதக் காலையில் டவுனுக்குப் போகிற மினிபஸ் டாக்ஸியில் ஏறிப் பாருங்கள். பதினைந்து பேர், எல்லா ஜன்னலும் சாத்தி, கண்ணாடி முழுக்க மூச்சுப் பனி. யாராவது ஜன்னலைத் திறந்தால் பின்னாலிருந்து ஒரு குரல், "மூடுங்கம்மா, குளிருது."

"எந்த வம்சாவளி ரொம்ப மோசம்?"

மோசம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிறுவனம் அதன் வாரிசு. மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் ஆரோக்கிய நிலையத்தில் படுத்துச் சாப்பிட்ட அளவுக்குக் குணமாகும் என்று 1959இல் உலகத்துக்கே காட்டிய இடம் அது. அந்தக் காலத்தில்தான் இன்னொன்றும் தெரியவந்தது. தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தால், பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமி அளவுக்கு அவை நோயில் விழவில்லை. ஆனால் கிருமியைக் கொடுத்த மனிதர்களைப் பார்த்தால் எலும்புருக்கி என்று நம் பெரியவர்கள் பேர் வைத்தது எவ்வளவு சரி என்று புரியும். கினிப் பன்றிக்குச் சாது, மனிதனுக்கு அல்ல.

இரண்டாவது, அதாவது பெய்ஜிங் குடும்பம், மருந்து எதிர்ப்போடு சேர்த்தே அதிகம் பேசப்படுகிறது. ரஷ்யா, மத்திய ஆசியப் பக்கம் மருந்துக்குக் கேட்காத டிபியில் பெரும்பங்கு அதுதான். இந்த நாட்டின் கேப் பக்கமும் அது நன்றாக வேரூன்றிவிட்டது. நான்காவதைவிட அது வேகமாகத் திரிபுகளை, அதாவது அந்த எழுத்துப் பிழைகளை, சேர்க்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. சரி, பெய்ஜிங்தான் வில்லன் என்று முடிவுகட்டலாமா? நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்தையே பாருங்கள். இங்கே உலகை உலுக்கிய கிருமி நான்காவது வம்சாவளியைச் சேர்ந்தது. 'லாம்' என்கிற, பேரில் லத்தீன் அமெரிக்காவும் மத்தியதரைக்கடலும் இருக்கிற, ஒரு சாதாரண கிளை. அந்தக் கதைக்கு வருகிறேன்.

"எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? மருந்துதான் கிருமியை அப்படி மாற்றிவிடுகிறதா?"

மருந்து மாற்றுவதில்லை, பொறுக்கி எடுக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் 10 கோடிக் கிருமிகள் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். பிரதி எடுக்கும் பிழையால், ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிட் மாத்திரைக்கு அடங்காததாக, மருந்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் தானாகவே அமைந்துவிடும். ரிபாம்பிசினுக்கு ஏறக்குறைய 10 கோடியில் ஒன்று. ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் 10 கோடியும் செத்து, தப்பிய நூறு பெருகி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் சேர்ந்தே அடங்காத கிருமி தானாகப் பிறக்க வேண்டுமானால் கோடி கோடியில் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் கிடையாது. இதனால்தான் நான்கு மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்துத் தருகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது அதிலுள்ள ரிபாம்பிசினால், பயப்பட வேண்டாம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தனியாகக் கொடுத்த காலத்திலேயே இந்தப் பாடம் படித்தாகிவிட்டது. நோயாளி தேறினார், சில மாதத்தில் மறுபடி சாய்ந்தார்.

வம்சாவளிப் பிழையும் எதிர்ப்புப் பிழையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். மூட்லி என்ற பேர் அவர் பூட்டன் எங்கே இறங்கினார் என்று சொல்லும். அவருக்குப் பூட்டு உடைக்கத் தெரியுமா என்று சொல்லாது. எந்தக் குடும்பத்திலும் பூட்டு உடைக்கிறவன் பிறக்கலாம்.

"எதிர்ப்பு சம்பாதித்த கிருமி பலவீனமாகிவிடும் என்று ஒரு டாக்டர் சொன்னாரே?"

பாதி உண்மை. ஐசோனியாசிட் வேலைசெய்ய, கிருமியிலேயே இருக்கும் 'கேட்-ஜி' என்ற நொதி அதை உயிர்ப்பிக்க வேண்டும். அந்த நொதியைத் தூக்கி எறிந்துவிட்டால் மருந்து செல்லாக்காசு. ஆனால் கிருமிக்கும் நஷ்டம், நொதிக்குச் சொந்த வேலையும் உண்டு. அதனால் உலகம் முழுக்கப் பரவியது வேறொரு தந்திரம். அந்த நொதியின் 315ஆவது இடத்தில் ஒரே ஒரு மாற்றம். மருந்தை உயிர்ப்பிக்காது, சொந்த வேலையை மட்டும் ஏறக்குறைய பழையபடி செய்யும். ரிபாம்பிசினுக்கும் இப்படித்தான்: ஒரு மரபணுவில் வந்த திரிபால் கிருமி நொண்டினால், பக்கத்து மரபணுவில் இன்னொரு திரிபு வந்து அதற்கு ஊன்றுகோல் கொடுக்கும். ரொம்பக் காலம் விட்டுவைத்தால் நொண்டியும் ஓடக் கற்றுக்கொள்கிறது.

"மாத்திரையை ஒழுங்காப் போடாததால்தானே மருந்துக்குக் கேட்காத டிபி வருகிறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

என் வகுப்புக்குப் பேத்தியைக் கூட்டிவரும் ஆயா ஒருவர். அவருடைய பேரனுக்கு, இருபத்துமூன்று வயது, வாழ்நாளில் ஒரு டிபி மாத்திரையும் தொடாதவனுக்கு, முதல் பரிசோதனையிலேயே மருந்துக்குக் கேட்காத டிபி என்று வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து "குடியா? மாத்திரையைக் குப்பையில் போட்டானா?" என்று கேட்டார்கள். கிளினிக்கில் இருந்த ஒருவரும் அதையே கேட்டார். அந்த வருஷம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று ஆயா கோயிலுக்கு வரவில்லை. வீட்டில் ஊற்றினாலும் யார் வாங்கிக் குடிப்பார்கள் என்றார்.

இப்போது டுகேலா ஃபெர்ரி கதை. நம் மாகாணத்தின் உட்பகுதியில் ம்சிங்கா பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 2005, 2006இல் அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அடங்காத டிபி 53 பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் 52 பேர் இறந்தார்கள். இறந்த தேதி உறுதியானவர்களில் பாதிப்பேர் 16 நாளுக்குள் போய்விட்டார்கள். எச்ஐவி பரிசோதனை செய்துகொண்ட 44 பேருக்கும் எச்ஐவி இருந்தது. இத்தனையிலும் என்னை நிறுத்தியது வேறொரு விவரம். விவரம் கிடைத்தவர்களில் பாதிக்கு மேல் அதற்கு முன் டிபி சிகிச்சையே எடுத்ததில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். கிருமிகளின் மரபணுவைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குடும்பம். அதாவது, ஆளுக்கு ஆள் தனித்தனியாக மாத்திரையைத் தவறவிட்டு உருவாக்கியதல்ல. ஒரே கிருமி வார்டிலும் வெளியிலும் காற்றில் ஆள் மாறி ஆள் போயிருக்கிறது.

பிறகு மாகாணம் முழுக்க இப்படிப்பட்ட 404 நோயாளிகளை எடுத்துப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 69 சதவீதம் பேர் அதற்குமுன் எதிர்ப்பு டிபிக்கான சிகிச்சை எதுவும் எடுக்காதவர்கள். அவர்களுக்கு அது பிறரிடமிருந்து தொற்றிய கிருமி; அவர்கள் உடம்புக்குள் உருவானதல்ல.

வம்சாவளி ஆய்வு இங்கேதான் கை கொடுத்தது. அந்த டுகேலா ஃபெர்ரிக் கிருமியின் திரிபுகளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனார்கள். ஐசோனியாசிட் எதிர்ப்பு, மேலே சொன்ன அதே 315ஆவது இடம், 1950களின் இறுதியிலேயே விழுந்திருக்கிறது. மாத்திரை வந்ததே 1952இல்தான். அப்புறம் ஒவ்வொரு மருந்தாக ஊருக்கு வர வர ஒவ்வொரு எதிர்ப்பு. எல்லாம் சேர்ந்த முழு உருவம் 1990களின் நடுவிலேயே தயார். நாம் கண்டுபிடித்தது பத்து வருஷம் கழித்து. அந்தக் கிருமியைச் செய்தது ஒரு நோயாளி அல்ல, நாற்பது வருஷம்.

மாத்திரையைத் தவறவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தவறவிட்டால் எதிர்ப்பு முளைக்கத்தான் செய்யும். ஆனால் ஆயாவின் பேரனைப் பார்த்து "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பது தப்பான கேள்வி. "உன் கூட யார் இருமினார்கள், வேறு யாருக்குப் போயிருக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரின் கிருமிக்கும் நடுவே ஐந்து எழுத்துக்குள்தான் வித்தியாசம் என்றால், சமீபத்தில் கைமாறியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டுக்கு மேல் என்றால் சம்பந்தம் தள்ளிப்போகிறது. அவனுடைய கிருமியை அப்படி யாரும் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவனோடு வேலை பார்த்த இன்னொரு பையனுக்கும் வந்தபோதுதான் எல்லோரும் வாயை மூடினார்கள்.

"என் ரிப்போர்ட்டில் வம்சாவளி போட்டிருக்குமா?"

பொதுவாக இருக்காது. சிகிச்சைக்கு டாக்டருக்கு வேண்டியது எந்த மருந்து வேலை செய்யும் என்பதுதான்.

"ஜீன்எக்ஸ்பர்ட்டில் எதிர்ப்பு இல்லை என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?"

பெரும்பாலும் இருக்கலாம். சளியிலேயே கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் அந்த இயந்திரம் 2011இல் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களுக்குத் தீபாவளி. ஆறு வாரம் உப்புமாவுக்குக் காத்திருந்த இடத்தில் இரண்டு மணி நேரத்தில் பதில். ஆனால் சாதாரண எக்ஸ்பர்ட் ரிபாம்பிசின் எதிர்ப்பு மரபணுவில் 81 எழுத்து கொண்ட ஒரு துண்டை மட்டும்தான் வாசிக்கும். நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரிபு அங்கேதான் விழும். மீதி? பக்கத்து நாடான எஸ்வத்தினியில், ஸ்வாசிலாந்து என்று நாம் சொல்லிப் பழகியது, 2009 கணக்கெடுப்பின் மாதிரிகளைப் பிறகு பிரித்துப் பார்த்தால், பலமருந்து எதிர்ப்புள்ள கிருமிகளில் 30 சதவீதத்தில் திரிபு அந்தத் துண்டுக்கு வெளியே, 491ஆவது இடத்தில் இருந்தது. இயந்திரம் "எதிர்ப்பு இல்லை" என்று சொல்லும், மாத்திரை கேட்காது. இயந்திரம் வருவதற்கு முன்பே இருந்த அந்த ஒரு கிளை, இயந்திரம் பிடிக்காமல் விட விட ஊரில் இன்னும் தழைத்தது. அதனால் இரண்டு மாதம் மாத்திரை போட்டும் இருமலும் எடையும் மாறவில்லை என்றால், முதல் ரிப்போர்ட்டைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். கல்ச்சர், அதாவது குப்பியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்த உப்புமாப் பரிசோதனை, போடச் சொல்லிக் கேளுங்கள்.

"மருந்து தேர்வில் வம்சாவளிக்கு வேலையே இல்லையா?"

கொஞ்சம் உண்டு, ஆளைப் பார்த்து அல்ல, ஊரைப் பார்த்து. முதலாவது வம்சாவளியில் ஐசோனியாசிட் எதிர்ப்பு 'இன்ஹா' என்ற மரபணுவின் முகப்பில் விழுவது மற்றவற்றைவிட அதிகம். அங்கே விழுந்தால் எதிர்ப்பு மட்டானது. மாத்திரையின் அளவைக் கூட்டிப் பார்க்க இடமுண்டு, ஆனால் எத்தியோனமைடு என்ற இன்னொரு மருந்து கைவிட்டுப் போகும். புதிய மருந்து பிரிடோமனிட்டுக்கும் முதலாவது வம்சாவளி சற்றே மந்தமாகத்தான் அடங்குகிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் மருந்து கொடுப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். டர்பனில் அவ்வளவு இல்லை.

"புது மருந்துகள் வந்தாகிவிட்டதே, இனிமேல் கவலை என்ன?"

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒருவர் எதிர்ப்பு டிபிக்கு மாதக்கணக்கில் கானமைசின் ஊசி போட்டுக்கொண்டார். உயிர் பிழைத்தார், காது போய்விட்டது. இன்றும் வாசலில் நின்று கத்தினால் திரும்ப மாட்டார். மனைவி தோளைத் தொட்டுத்தான் காபி கொடுப்பார். 2018 ஜூனில் இந்த நாடு அந்த ஊசியை விலக்கிவிட்டு பெடாக்விலின் மாத்திரைக்கு மாறியது. அடுத்து, கடுமையான எதிர்ப்பு உள்ளவர்களுக்குப் பெடாக்விலின், பிரிடோமனிட், லினிசோலிட் மூன்றையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த சோதனை தென்னாப்பிரிக்காவில்தான் நடந்தது. 109 பேரில் 98 பேர் தேறினார்கள். டுகேலா ஃபெர்ரியின் 53இல் 52ஐ நேரில் பார்த்தவர்களுக்கு இந்த எண் எப்படி இருந்திருக்கும்! லினிசோலிட்டால் காலில் மதமதப்பு, ரத்தம் குறைவது, கண் மங்குவது வரலாம். வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

கவலை இதுதான். பெடாக்விலின் உடம்பை விட்டுப் போக மாதக்கணக்காகும். ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விட்டால், மற்ற மருந்துகள் ஓரிரு நாளில் போய்விடும், இது மட்டும் தனியாக, நீர்த்த நிலையில் நின்றுகொண்டிருக்கும். பழைய ஸ்ட்ரெப்டோமைசின் கதை மறுபடியும். தொழுநோய்க்குப் பயன்படுத்தும் குளோஃபசிமினுக்கும் இதற்கும் எதிர்ப்பு வாசல் ஒன்றே. அந்தத் திரிபுள்ள கிருமிகள் பெடாக்விலினைக் காணாத நோயாளிகளிடமும் கிடைத்திருக்கின்றன. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதிதீவிர எதிர்ப்புக்கான விளக்கத்தை மாற்றி எழுதியபோது பெடாக்விலினையும் அதில் சேர்த்துவிட்டது. வராது என்று நினைத்திருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள்.

"இந்தியாவுக்குப் போய்வந்தால் வேறு வம்சாவளி ஒட்டிக்கொள்ளுமா?"

ஒட்டலாம். மதுரையில் கல்யாணத்துக்குப் போவதை அதற்காக நிறுத்த வேண்டாம்.

"வேப்பிலை, மஞ்சள், ஆடாதோடை கொடுக்கலாமா?"

ஆடாதோடைக் கஷாயம் இருமலைத் தணிக்கும்; கிருமி அதற்கு அசையாது. மாத்திரைக்குப் பதிலாக எதுவும் கிடையாது. கூடக் கொடுப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

"வீட்டில் ஒருவருக்கு எதிர்ப்பு டிபி. பிள்ளைகளை எங்கே அனுப்புவது?"

எங்கும் அனுப்ப வேண்டாம். கிளினிக்கில் பேர் கொடுத்து வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டதுகளும் எச்ஐவி உள்ளவர்களும் முதலில். நோயாளியின் மருந்தை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்; தடுப்பு மருந்து எது என்று டாக்டர் சொல்வார், எதிர்ப்பு டிபிக்கு அது வேறு. தட்டு, டம்ளர், துணியைத் தனியாக வைப்பதில் ஒரு லாபமும் இல்லை, பாவம் அவருக்கு மனசு உடைவதைத் தவிர. காற்றுதான் விஷயம். நோயாளி படுக்கும் அறையில் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள், குளிர்காலத்திலும். ஆயா தன் பேரனுக்கு வாசல் பக்க அறையைக் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கிருந்தே அவனோடு பேசிக்கொண்டிருப்பார். போன மாதம் அவனுடைய ஆறாவது கல்ச்சர் ரிப்போர்ட்டும் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. நாற்காலி இன்னும் உள்ளே போகவில்லை, பழகிவிட்டது என்கிறார்.